இன்னொரு ஸ்கோன் எடுத்துக்குங்க

மாவில் வெண்ணெயைப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தபோது மணி இரண்டே கால். முதியோர் நல அலுவலகத்திலிருந்து அந்தப் பெண் மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். ஸ்கோன் என்கிற அந்தக் குட்டி ரொட்டியைச் சுடமாட்டேன் என்று மார்ஜரிக்கு நான் வாக்குக் கொடுத்து முழுசாக ஒரு நாள்கூட ஆகவில்லை. மலைச்சரிவில் எங்களுக்கு அடுத்த பண்ணை மார்ஜரியுடையது. ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து என்னைத் திட்டிவிட்டுப் போகாவிட்டால் அவளுக்குத் தூக்கம் பிடிக்காது. நேற்றும் ரப்பர் பூட்ஸைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுகொண்டு ஆரம்பித்துவிட்டாள்.

"எல்சி, நான் சொல்றத நல்லா காதுல வாங்கிக்க. வீட்டத் தொடைக்காத. தலைய வாராத. அந்த மனுஷனுக்கு ஷேவ் பண்ணிவிட்டு டை கட்டிவிடாத. முக்கியமா அந்தப் பாழாப்போன ஸ்கோன மட்டும் சுட்டுத் தொலைக்காத. எங்க மாமியார பாக்க ஆள் வந்தப்ப நான் கேக்கு, சாண்ட்விச்சுன்னு அடுக்கி வெச்சேன்ல? வந்தவ வயிறாரத் தின்னுட்டு, இந்தக் குடும்பம் நல்லா சமாளிக்குது, உதவி தேவையில்லன்னு எழுதிட்டுப் போயிட்டா. அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் நான் பட்ட பாடு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்ப சுட மாட்டேன்னு சொல்லு."

"சுட மாட்டேன்டி."

"சுடுவ," என்றாள். "உன் மூஞ்சியிலயே எழுதியிருக்கு." போய்விட்டாள்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. டவுனில் ஓர் இல்லம் இருக்கிறது. நினைவு தப்பிப்போனவர்களை இரண்டு வாரம் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். என் புருஷன் லாக்லனுக்கு அங்கே ஒரு படுக்கை கிடைக்க வேண்டும். அந்த இரண்டு வாரமும் நான் தூங்க வேண்டும். அவ்வளவுதான். வேறு ஒரு மண்ணும் வேண்டாம். நவம்பரிலிருந்து சேர்ந்தாற்போல இரண்டு மணி நேரம் நான் தூங்கியதில்லை. ஆட்டு மந்தையை விற்று மூன்று வருஷமாகிறது. அவனோ ராத்திரிக்கு நாலு தடவை எழுந்து, ஆடு குட்டி போடுகிறது என்று பைஜாமாவோடு பனியில் இறங்கிவிடுகிறான். நான் பின்னால் ஓடுகிறேன். எனக்கு எழுபத்து மூன்று வயது. ஓடுகிறேன் என்று சொல்வதே ஒரு பேச்சுக்குத்தான்.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டும், படுக்கையைக் கேட்டு வாங்க வேண்டும், அதற்குத்தான் அவள் வருகிறாள். அதற்கு எதற்கடி ஸ்கோன் என்று கேட்பீர்கள். வீட்டுக்கு ஆள் வருகிறது, அடுப்பு சூடாக இருக்கிறது, கை தானாக மாவு டப்பாவுக்குப் போய்விட்டது. இந்த அடுப்படியில் யாருக்குத்தான் நான் சுடவில்லை? மாட்டு டாக்டர், பாதிரியார், வரி வசூலிக்க வந்தவன், எல்லாரும் தின்றார்கள். எங்கள் மந்தைக்கு விலை பேச வந்தவன்கூட, லாக்லன் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று அழுதுகொண்டிருந்தபோது, இதே மேஜையில் உட்கார்ந்து நாலு ஸ்கோன் தின்றுவிட்டுத்தான் போனான். வந்தவர்களுக்குக் கடை பிஸ்கட்டை நீட்டினால் எங்கள் பக்கத்தில் அந்த வீட்டில் சாவு விழுந்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். சாவு விழுந்தாலும் சுடுவோம் என்பது வேறு விஷயம்.

மாவு தேய்க்க ஸ்வெட்டர் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினேன். இடது கையில் நாலு விரல் தடம், நீலமும் மஞ்சளுமாக. கட்டைவிரல் தடம் உள்பக்கம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவனுடைய சாக்ஸை ஜோடி சேர்த்து அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து வந்து பிடித்தான். "யாருடி நீ? என் வீட்ல என்னத்தத் திருடுற?" என்றான். நாற்பத்தொன்பது வருஷத்தில் நாயைத் தவிர யாரிடமும் குரலை உயர்த்தாத மனுஷன். ஆட்டுக் கிடாவை ஒற்றைக் கையால் மடக்கிப் போட்ட கை. எலும்பு உடையாமல் விட்டதே பெரிசு.

ஸ்கோனுக்குக் கை குளிர்ச்சியாக இருக்க வேண்டும். சூட்டுக் கைக்காரிகள் தேய்த்தால் வெண்ணெய் உருகி மாவு பிசுபிசுத்துப் போகும். எனக்குக் கை எப்போதும் ஐஸ்தான். வெண்ணெய் மாவோடு கலந்து ரவை மாதிரி உதிரியாக வந்ததும் நடுவில் குழி பறித்துப் புளித்த மோரை ஊற்றினேன். பிசையக்கூடாது. சப்பாத்தி மாவுபோல் பிசைகிறவளைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சும்மா ஒன்றாகச் சேர்த்து, இரண்டு விரல் உயரத்துக்குத் தட்டி, வட்ட அச்சை நேராக அழுத்தி நேராக எடுக்க வேண்டும். அச்சைத் திருகினால் ஒருபக்கமாகச் சாய்ந்துகொண்டு எழும்பும். மாதர் சங்கப் போட்டியில் சாய்ந்த ஸ்கோனை நடுவர்கள் தொட்டுக்கூடப் பார்க்கமாட்டார்கள். நான் பதினொரு முறை முதல் பரிசு வாங்கியவள். திருகுவேனா?

தட்டை அடுப்புக்குள் தள்ளிவிட்டு நின்றபோதாவது நிறுத்தியிருக்கலாம். அது வேகப் பன்னிரண்டு நிமிஷம், அவள் வர அதற்கு மேலும் கொஞ்ச நேரம் இருந்ததே, அதற்குள் என்ன செய்தேன் தெரியுமா? ராத்திரி நனைந்த படுக்கை விரிப்பையெல்லாம் சுருட்டிக்கொண்டுபோய்க் கொட்டகையில் ஒளித்துவைத்தேன். லாக்லனை நாற்காலியில் உட்காரவைத்து முகம் மழித்தேன். "எங்க போறோம் புள்ள? சந்தைக்கா?" என்றான். டை கட்டிவிட்டேன். தரையை ஒரு துடைப்புத் துடைத்துவிட்டு என் தலையையும் வாரிக்கொண்டேன். வெட்கங்கெட்டவள். வெள்ளைத் துணியை மேஜையில் விரித்து, கல்யாணத்துக்கு வந்த கோப்பைகளை எடுத்துவைத்து, முன்னறைக் கணப்பில் இன்னும் இரண்டு கட்டை போட்டேன். மார்ஜரி சொன்னவற்றில் ஒன்று பாக்கியில்லாமல் எல்லாவற்றையும் செய்து முடித்தபோது வெளியே கார்ச் சத்தம் கேட்டது.

அவள் பெயர் ஷோனா. முப்பது வயது இருக்கும். மூக்கு சிவந்து, பூட்ஸ் நனைந்து, கையில் ஒரு கோப்புக் கட்டோடு வாசலில் நின்றாள். அன்றைக்கு அவளுக்கு இது நாலாவது வீடாம், மதியம் எதுவும் சாப்பிடவில்லையாம். உள்ளே வந்ததும் கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். "ஐயோ, என்ன வாசனைங்க இது!" என்றாள். என் முகம் மலர்ந்திருக்க வேண்டும். எனக்கே தெரிந்தது. அவள்மீது நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். நல்ல பெண். பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிட்டு சாக்ஸ் காலோடு வந்தாள்.

லாக்லன் எழுந்து நின்றான். முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் நீட்டி, பழைய லாக்லனாகவே அவளை நோக்கி நடந்தான்.

"வாங்க வாங்க. அந்த ரோட்ல எப்பிடி வந்தீங்க? எங்க ஆடே வழுக்கி விழுந்து எங்கிட்ட புகார் சொல்ற ரோடாச்சே அது!"

அவள் சிரித்தாள். அவளுடைய கோட்டை வாங்கி மாட்டினான். நெருப்புக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டான். காலையில் அதே கைதான் ஸ்பூனை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் கஞ்சியைக் கழுத்தில் வழியவிட்டது. ஆள் வந்தால் இப்படித்தான், அரைமணி நேரம் எங்கிருந்தோ திரும்பி வந்துவிடுவான், டாக்டரும் எச்சரித்திருந்தார். ஆனாலும் பாவி, இன்றைக்குத்தானா?

ஸ்கோன்களைத் துணிக்குள் சுற்றிக் கொண்டுவந்து வைத்தேன். ஷோனா ஒன்றை எடுத்துக் கையாலேயே இரண்டாகப் பிரித்தாள். ஆவி வந்தது. வெண்ணெய், ராஸ்பெர்ரி ஜாம். முதல் வாயை மென்றுகொண்டே கண்ணை மூடிக்கொண்டாள். "எங்கம்மா போனதுக்கப்புறம் இப்பிடி ஒண்ணு நான் சாப்பிடவேயில்ல," என்றாள். ஜாமை அவள் பக்கம் நகர்த்திவைத்தேன். அவளுக்காகத்தான் பரிதாபப்பட்டேன், எனக்காக இல்லை. அதைத்தான் இப்போது நினைத்தால் தாங்க முடியவில்லை.

லாக்லன் பனியில் புதைந்த ஆட்டின் கதையை ஆரம்பித்தான். பத்தொன்பது நாள் பனிக்குள் கிடந்த ஆடு, தன் ரோமத்தையே தின்று உயிர்பிடித்துக் கிடந்தது, நாய் மோப்பம் பிடித்து ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது, தோண்டித் தூக்கியதும் அந்த ஆடு இவன் முகத்திலேயே தும்மியது. ஒரு வருஷமாக அந்தக் கதையை அவன் பாதிக்கு மேல் சொன்னதில்லை. இன்று ஒரு வரி விடாமல் சொன்னான். தும்மலுக்கு ஷோனா கையைத் தட்டிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். வெளியே மூன்றரை மணிக்கே இருட்டத் தொடங்கிவிட்டது, விளக்கைப் போட்டேன், நெருப்பு நன்றாக எரிந்தது. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைக்குப் படம் எடுக்க வந்திருந்தால் அப்படியே எடுத்துக்கொண்டு போயிருக்கலாம்.

பிறகு அவள் கோப்புக் கட்டைத் திறந்தாள்.

"ராத்திரி எப்பிடித் தூங்குறாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் சொன்னான். "நானா? படுத்தா கட்டைதான். ஆட்டுக்காரன் தூங்கலேன்னா அப்புறம் யாரு தூங்குறது?"

ஷோனா என்னைப் பார்த்தாள். நான் சொல்ல வேண்டிய இடம் அதுதான். மனுஷன் டை கட்டிக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு, விருந்தாளி முன்னால் உட்கார்ந்திருக்கிறான். இவன் படுக்கையை நனைக்கிறான் என்று அவன் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? "சமாளிக்கிறோம்," என்றேன்.

தானாகச் சாப்பிடுகிறாரா? சமாளிக்கிறோம். குளியல்? சமாளிக்கிறோம். வெளியே போய்விடுகிறாரா? "இந்தக் குளிர்ல எங்க போறது!" என்றான் அவன். அவள் அவனிடமே திரும்பி, மெதுவாக, "உங்க மனைவி பேர எனக்குச் சொல்லுங்களேன், மிஸ்டர் ரென்னி," என்றாள். நல்ல கேள்வி. கெட்டிக்காரப் பெண். செப்டம்பரிலிருந்து என் பெயர் அவன் வாயில் வரவில்லை. இப்போது மாட்டிக்கொள்வான் என்று நினைத்தேன். மாட்டிக்கொள்ளட்டும் என்றுகூட நினைத்தேன்.

அவன் என்னைப் பார்த்தான். ஒரு விநாடி அந்தக் கண்ணில் பயம் வந்துபோனதை நான் மட்டும் பார்த்தேன். பிறகு ஷோனா பக்கம் குனிந்து, ரகசியம் சொல்வதுபோல் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, "இந்த வீட்ல இவளுக்கு முதலாளியம்மான்னுதாங்க பேரு. வேற பேரு சொல்லிக் கூப்ட்டா எனக்கு டீ கிடைக்காது," என்றான்.

ஷோனா விழுந்து விழுந்து சிரித்தாள். எதையோ குறித்துக்கொண்டாள்.

டீ ஊற்றக் கையை நீட்டியபோது ஸ்வெட்டர் கை மேலே ஏறிவிட்டது. அவள் பார்வை அங்கே நின்றது. சிரிப்பு போய்விட்டது. "இது என்ன, மிஸஸ் ரென்னி?"

"அடுப்புக் கதவு," என்றேன். யோசிக்கவேயில்லை. "தட்டை எடுக்கும்போது இடிச்சுக்கிட்டேன்."

லாக்லன் என் கையைப் பிடித்தான். தடத்தை விரலால் தடவிப் பார்த்தான். "எத்தன தடவ சொல்லியிருக்கேன், பாத்து வேலை செய்யின்னு," என்றான். கண் கலங்கியிருந்தது. நிஜமாகவே கலங்கியிருந்தது. அவன் விரல்கள் தடத்தின்மேல் அச்சாகப் பொருந்தி நின்றன. ஷோனாவுக்கு அது தெரிந்ததா, தெரியவில்லையா, எனக்குத் தெரியாது. அவள் பார்த்தது ஒரு கிழவன் கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்குவதை.

கடைசியில் பேனாவை மூடிவைத்துவிட்டு அவள் சொன்னாள். "ஒண்ணு நேராவே கேட்டுடறேன். திங்கக்கிழமையிலேர்ந்து ரெண்டு வாரத்துக்கு ஒரு படுக்கை காலியாகுது. ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. காலையில இன்னொரு வீட்டப் பாத்துட்டு வந்தேன், அங்க நிலைமை..." நிறுத்திக்கொண்டாள். "அது கிடக்கட்டும். உங்களுக்கு வேணும்னா உங்க பேரத்தான் மொதல்ல எழுதுவேன், நீங்கதான் ரொம்ப நாளா காத்துக்கிட்டிருக்கீங்க. உங்களால முடியுதா, முடியலையா? அத மட்டும் சொல்லுங்க."

"படுக்கையா?" என்றான் லாக்லன். "பாவம், யாருக்கு ஒடம்பு முடியல?"

உனக்குத்தான்டா. எனக்குத்தான். நம்ம ரெண்டு பேருக்கும்தான். எல்லாம் பல்லுக்குப் பின்னால் வந்து வரிசையாக நின்றது. ஒரு வார்த்தை போதும். முடியலை. குழந்தைகூடச் சொல்லிவிடும். அவன் அக்கறையோடு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், டையில் ஸ்கோன் துணுக்கு ஒட்டியிருந்தது.

"இன்னொரு ஸ்கோன் எடுத்துக்குங்க ஷோனா," என்றேன். "ஆறிடப் போகுது."

அவள் கோப்புக் கட்டை மூடிவைத்தாள். பிறகு எடுத்துக்கொண்டாள். அது மூன்றாவது. போகும்போது என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "இந்த வாரம் நான் பாத்ததுலயே இதுதாங்க சந்தோஷமான வீடு. ஜூலையில மறுபடி வந்து பாக்கறேன்," என்றாள்.

கதவு சாத்தியதும்தான் எனக்கு உறைத்தது. ஜூலையா! மேஜையில் மீதியிருந்த ஏழு ஸ்கோன்களையும் ஒரு காகிதப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு, கோட்டுகூடப் போடாமல் வெளியே ஓடினேன். கையில் எதையாவது வைத்துக்கொண்டால்தான் ஓடத் துணிவு வருகிறது, என்ன செய்ய. கார் வாசல் கேட்டருகே திரும்பிக்கொண்டிருந்தது. பனி விழ ஆரம்பித்திருந்தது. கையை ஆட்டினேன். நிறுத்திக் கண்ணாடியை இறக்கினாள்.

"என்ன மிஸஸ் ரென்னி?" என்றாள். எஞ்சினை அணைத்தாள். "எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா? இப்ப அவரு பக்கத்துல இல்ல."

எவ்வளவு நல்ல பெண் என்று சொன்னேனே. கதவையே திறந்துவைத்துக் கூப்பிடுகிறாள். நான் பையை நீட்டினேன். சூடு இன்னும் இருந்தது. அவள் வாங்கிக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"பாலத்துக்கிட்ட ஐஸ் கட்டியிருக்கும்," என்றேன். "மெதுவா போங்க."

விளக்கு வளைவில் திரும்பி மறையும்வரை நின்றேன். அப்புறம் என்னை நானே வாயில் ஓர் அடி அடித்துக்கொண்டேன். நிஜமாகவே அடித்தேன், உதடு பல்லில் பட்டு உப்புக் கரித்தது.

வாசலுக்கு வந்தபோது நான் தொடுவதற்கு முன்னால் கதவு திறந்தது. லாக்லன் நின்றிருந்தான். டை நேராக இருந்தது. முகத்தில் இன்னும் அந்த விருந்து வெளிச்சம் அணையவில்லை.

"யாரும்மா நீங்க? கோட்டுகூட இல்லாம, இந்தப் பனியில! உள்ள வாங்க, உள்ள வாங்க."

என்னை அறியாமல் பின்னால் திரும்பிப் பார்த்தேன். வேறு யாரும் இல்லை. என்னைத்தான் சொல்கிறான். தோளைத் தொடாமல், மரியாதையாகக் கையைக் காட்டி உள்ளே அழைத்துப்போனான். ஷோனா உட்கார்ந்திருந்த நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டான். அவள் தட்டிலிருந்த துணுக்குகளைத் தன் கைக்குட்டையால் துடைத்தான்.

"வீட்டுக்காரி எங்கயோ வெளிய போயிருக்கா. இப்ப வந்துருவா. அதுவரைக்கும் நெருப்புக்கிட்ட உக்காருங்க. ஏம்மா, அழுதீங்களா?"

திருடி என்று கையை முறுக்கியவன்தான். செப்டம்பரிலிருந்து என்னிடம் இவ்வளவு பதமாக அவன் பேசவில்லை. நான் உடைந்துபோனேன்.

"என்னால முடியலங்க," என்றேன். அந்நிய மனுஷனிடம் சொல்வதுபோலத்தான் வந்தது. "வீட்டுக்காரருக்கு நெனவு தப்பிப்போச்சு. நான் தூங்கி மூணு மாசம் ஆச்சு. என்னைய யாருன்னே தெரியாது அவருக்கு. அடிக்கிறாரு. போன வியாழக்கிழமை அவரு தூங்கிட்டிருந்தாரு. நான் தலகாணியக் கையில எடுத்துக்கிட்டு அவரு பக்கத்துல நின்னேன். எவ்வளவு நேரம் நின்னேன்னு எனக்கே தெரியல. மறுபடி நின்னாலும் நின்னுருவேன். எனக்கு பயமா இருக்கு."

அவன் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டான். எதிர் நாற்காலியில் முன்னால் குனிந்து உட்கார்ந்து, பாதிரியார்கூட அப்படிக் கேட்டதில்லை.

"இதெல்லாம் யார்ட்டயாவது சொன்னீங்களாம்மா?"

"இல்ல."

"சொல்லணும்," என்றான். "சொன்னாத்தான தெரியும். உங்களுக்குன்னு வீட்ல வேற யாரும் இல்லையா?"

அவன் டீ ஜாடியைத் தூக்கி, என் முன்னாலிருந்த கோப்பையில் ஊற்ற ஆரம்பித்தான். கண் என் முகத்தை விட்டு அகலவில்லை. கோப்பை நிறைந்தது, அடியில் இருந்த தட்டு நிறைந்தது. அவன் இரக்கத்தோடு என்னையே பார்த்தபடி ஊற்றிக்கொண்டிருந்தான். ஆறிப்போன டீ வெள்ளைத் துணியில் பரவி மேஜை விளிம்புவரை வந்து என் மடியில் சொட்டியது. நான் கோப்பையை இரண்டு கையாலும் ஆடாமல் பிடித்துக்கொண்டேன்.